பதினான்கு நிமிடம்

உவாரி ஊரைத் தாண்டியதும் நின்றது.
முதலில் இழுவை போனது, பிறகு சத்தம் போனது,
கடைசியில் ஸ்டியரிங் கல்லானது.
பின்னால் இருபத்திரண்டு டன் உப்புக்கு விஷயம் தெரியாது,
அது பாட்டுக்குத் தள்ளியது.
ஓரச் சரளையில் ஒதுக்கினேன்.
இடப்பக்கம் ஏரி இருந்த இடம்:
வெள்ளைத் தரை, அதில் கவிழ்ந்த ஒரு படகு.

செனோன், என் மனைவியின் தம்பி, வண்டிக்குக் கிளீனர்,
பீர் புட்டியைத் திறந்து
முன்சக்கரத்தடியில் மண்ணுக்கு ஊற்றினான்.
பூமித்தாய்க்குத் தாகம், என்றான்.
முழுசான கோகா இலையாக மூன்று பொறுக்கி வைத்தான்.
சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது.
அவன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அடுத்த வாரம் வேறொரு மேட்டில்.
நான் பில்டரை மாற்றினேன். கிளம்பியது.
அதற்கடுத்து, சுங்கச்சாவடிக்குக் கொஞ்சம் முன்னால்.
டேங்கர் ஓட்டி வந்த ஒருவர், பெயர் கேட்கவில்லை,
பம்ப்பைச் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டினார்.
அதற்கும் கிளம்பியது.
பேய்க்கும் பார்த்தோம், நோய்க்கும் பார்த்தோம்,
எல்லாமே பலித்தது. அதுதான் சங்கடம்.
பலிக்காத மருந்தென்றால் தூக்கிப் போடலாம்.
மூவாயிரத்து எழுநூறு மீட்டர் உயரத்தில் பனை ஏது?
ஆனாலும் எந்தக் காக்கை உட்கார்ந்தாலும்
பழம் விழுந்துகொண்டே இருந்தது.

நடுவில் செனோனைத் திட்டினேன்.
பீப்பாய் டீசலை மலிவுக்கு வாங்கியவன் அவன்;
தண்ணீர் கலந்திருக்கும், துரு கலந்திருக்கும்.
இரண்டு நடைக் கூலியில் பிடித்தேன்.
ஒன்றும் சொல்லவில்லை.
பீர் மட்டும் சின்னப் புட்டியானது.

சாயாபாத்தாவில் நியெவெஸ் கலிசாயா:
இரட்டைப் பின்னல், நீல ஓவரால், நகத்தில் கறுப்பு.
எதையும் தொடவில்லை. எங்களோடு ஏறி உட்கார்ந்தாள்.
நிற்கும்வரை ஓட்டு, என்றாள்.
நின்றது. நான் ஸ்பானரை எடுத்தேன்.
"வை."
செனோன் புட்டியை எடுத்தான்.
"அதையும் வை."
கைக்கடிகாரத்தைக் கழற்றி டேஷ்போர்டில் வைத்தாள்.
மூன்று பேரும் சும்மா இருந்தோம்.
சும்மா இருப்பது என்ன பாடு!
எங்கள் கைகள் தொடையில் கிடந்து துடித்தன.
ஒரு விக்குன்யா சாலையைக் கடந்தது,
யோசித்தது, திரும்பவும் கடந்தது.
பதினான்காவது நிமிடம், "திருப்பு."
பிடித்துக்கொண்டது.

"இத்தனை நாளும் நீங்கள் செய்தது
காத்திருந்தது ஒன்றுதான்," என்றாள்.
"டேங்கில் ஏதோ அலைகிறது.
உறிஞ்சினால் குழாய் வாயில் வந்து ஒட்டும்,
உறிஞ்சலை நிறுத்தினால் மெதுவாக விடும்."

பட்டறையில் டீசலை வடித்தோம்.
காந்தம் இறக்கினாள், ஒரு நட்டு வந்தது,
எந்தக் காலத்து நட்டோ.
காந்தத்துக்கு மசியாததை
வளைத்த கம்பி கொண்டுவந்தது:
காசளவு வெள்ளித் தாள்,
ஓரத்தில் பிறை போல் ஒரு கிழிசல்.

என் சாவி கிழித்த பிறை.
உயூனியில் ஒரு விடியல், பூஜ்யத்துக்குக் கீழே பதினாறு.
டீசல் உறையாமலிருக்க மருந்து வாங்கினேன்,
நல்ல கம்பெனி, மலிவில்லை.
கையுறையோடு மூடியைத் திருகி
உள்முத்திரையைச் சாவியால் குத்திக் கவிழ்த்தேன்.
குத்திய தாள் எங்கே போனதென்று
அந்தக் குளிரில் யார் பார்த்தார்கள்?

நியெவெஸ் அதை என் உள்ளங்கையில் வைத்தாள்.
என் முகத்தைப் பார்த்தாள். கேட்கவில்லை.
சட்டைப்பைக்குள் போட்டேன்.
ரொட்டி வாங்கப் போன செனோன் திரும்பி வந்து
"என்னவாம்?" என்றான்.
"குப்பை," என்றேன்.
இன்றுவரை அவ்வளவுதான் சொல்லியிருக்கிறேன்.

பிடித்த கூலியைக் கொடுத்தேன், காரணம் சொல்லாமல்.
அவனும் கேட்காமல், எண்ணி வாங்கிக்கொண்டான்.
கிளம்புமுன் மண்ணுக்கு ஊற்றினான்,
இந்த முறை பெரிய புட்டி.
இன்னும் கொஞ்சம் ஊற்று, என்றேன்.